காணிக்கைப் பையும் கணக்கு நோட்டும்

கேட்டவர் தன் சபைக் கமிட்டியில் நடந்த வாக்குவாதத்தை எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. ஆண்டுக் காணிக்கையில் ஒரு பங்கை, பல நாடுகளில் வளர்ச்சிப் பணி செய்யும் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றுக்கு அனுப்பலாம். கூடவே ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனுவில் சபையாகக் கையெழுத்தும் போடலாம் என்று ஒருவர் சொன்னார். 'பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? மனு கொடுப்பது அரசியல், அது சபைக்கு எதற்கு?' என்றார் இன்னொருவர். மூன்றாமவர், 'அனுப்புகிற பணம் போய்ச் சேருகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டார். இவர்களில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது?

எனக்கு மூன்றாமவரைத்தான் பிடித்திருக்கிறது. சபைத் தொண்டு அமைப்பு ஒன்றில் திட்ட விண்ணப்பங்களைப் படிப்பதும் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதும்தான் பல வருடங்கள் என் வேலை. எதைப் பார்த்தாலும் ரசீது எங்கே என்றுதான் புத்தி போகும். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கடைசிவரை துரத்திக்கொண்டு போனால் முதலாமவர் நிற்கிற இடத்தில்தான் போய் முடியும். அது எப்படி என்று சொல்கிறேன்.

ஆதிச் சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதாக இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது சாப்பாட்டுப் பங்கீட்டைப் பற்றியது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு கொடுக்கிறார்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் மட்டும் 'அன்றாட விசாரணையில்', அதாவது அந்தப் பங்கீட்டில், விட்டுப்போகிறார்கள். அவர்களுடைய ஆட்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் 'விசுவாசிகளுக்குள் முறுமுறுப்பா?' என்று அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பண்டசாலைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் விளக்கவுரை எழுதுகிறவர்களில் பலர் இதை வாசிக்கிறார்கள்.

ரொட்டி கொடுப்பது தர்மம், அதில் யாருக்கும் சண்டையில்லை. 'பட்டியலில் எங்கள் பெயர் ஏன் இல்லை, பட்டியலை எழுதுகிறவர் யார்?' என்று ஒரு விதவை கேட்டால் அதற்குப் பதில் சொல்வது நீதி. உங்கள் கமிட்டியின் இரண்டாமவர் முதலாவதை ஊழியம் என்கிறார், இரண்டாவதை அரசியல் என்கிறார். அப்போஸ்தலர்கள் அப்படிப் பிரித்ததாகத் தெரியவில்லை.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் இது இன்னும் பச்சையாகவே இருக்கும். லேவியராகமம் 25-ல் வரும் யூபிலி வருஷத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அதை ஒரு நிலப் பதிவுச் சட்டமாக வாசித்துப் பாருங்கள். 50-ஆம் வருஷம் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே நிலத்தை விற்கும்போது விலை என்ன? அடுத்த யூபிலிக்கு எத்தனை விளைச்சல் மிச்சம் இருக்கிறதோ அந்தக் கணக்குப்படி விலை. வருஷம் அதிகமானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். சொல்லப்போனால் அது விற்பனையே கிடையாது, குத்தகை. 'தேசம் என்னுடையது, நீங்கள் புறக்குடிகள், அறுதியாய் விற்கவேண்டாம்' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒரு தலைமுறையின் கஷ்டம் அடுத்த தலைமுறையின் தலையில் நிரந்தரமாக ஏறிவிடக்கூடாது என்று ஒரு ஏற்பாடு.

உபாகமம் 15-ல் ஏழாம் வருஷக் கடன் விடுதலை வருகிறது. 'விடுதலை வருஷம் நெருங்கிவிட்டது, இப்போது கடன் கொடுத்தால் திரும்பாது' என்று எண்ணி ஏழைக்குக் கையை மூடிக்கொள்ளாதே என்று ஒன்பதாம் வசனம் எச்சரிக்கிறது. கடன் தள்ளுபடி என்றால் இனிமேல் யாரும் கடன் தரமாட்டார்களே என்று இன்றைக்கும் ஒரு ஆட்சேபணை எழும் அல்லவா? அது மோசேயின் சட்டத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. பிற்காலத்தில் கடன் கொடுக்கிறவர்கள் நிஜமாகவே பின்வாங்கியதால், கடனை நீதிமன்றத்தின் பெயருக்கு மாற்றி எழுதி ஏழாம் வருஷத்துக்குத் தப்பவைக்கும் 'ப்ரோஸ்பூல்' என்ற பத்திரமுறையை ஹில்லேல் என்ற யூத வேத அறிஞர் கொண்டுவந்தார். ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நல்ல நோக்கம், கூடவே ஒரு ஓட்டை. வேதம் தெரிந்தவர்கள் ஈராயிரம் வருடங்களுக்கு முன்பே கடன் சட்டத்தின் நெளிவு சுளிவுகளில் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்றால், இன்றைய சபை 'எங்களுக்குப் பொருளாதாரம் தெரியாது' என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் வசதியான பணிவாகவே எனக்குப் படுகிறது.

நீதி என்பது வேதத்துக்குள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்ட சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது 1807-ல் லண்டனில் அச்சான ஒரு வேதப்புத்தகத்தை. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்காக, 'தெரிந்தெடுத்த பகுதிகள்' என்று சொல்லி மிஷனரிச் சங்கம் ஒன்று பதிப்பித்தது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் பாதி இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கிறது. மோசே பார்வோனிடம் போய் ஜனத்தை விடு என்று கேட்ட கதை இல்லை. 'அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை' என்ற கலாத்தியர் வசனம் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் முழுதாகவே போய்விட்டது. கத்தரியைக் கையில் எடுத்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஆபத்தானது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதே கரீபியனில், பார்படோஸ் தீவில், கோட்ரிங்டன் தோட்டங்கள். கிறிஸ்டோபர் கோட்ரிங்டன் என்ற தோட்ட முதலாளி 1710-ல் இறந்தபோது தன் இரண்டு கரும்புத் தோட்டங்களையும் அங்கிருந்த அடிமைகளோடு சுவிசேஷப் பிரபல்யச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் மிஷனரி அமைப்பு அது. அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டது. சுவிசேஷத்தைப் பரப்பும் சங்கத்தின் சொத்து என்பதற்கு அடையாளம். 1833-ல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அது போனது உடைமையாளர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. சங்கத்தின் பங்கு 8,823 பவுன், 8 ஷில்லிங், 9 பென்ஸ். அந்த ஒன்பது பென்ஸைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2006-ல். தன் பழைய நிதியம் ஒன்று அடிமை வணிகக் கம்பெனியில் முதலீடு செய்திருந்ததைத் தணிக்கையில் கண்டுபிடித்து, பரிகாரமாக 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது 2023-ல்.

இதே காலத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் இருந்தார். அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உதவிக்காரர், அதாவது டீக்கன். எழுதப் படிக்கத் தெரிந்தவர். வெட்டாத முழு வேதாகமத்தைப் படித்தவர். ஒருவனும் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்ற வசனத்தை அவர் தன் நிலைமைக்குப் பொருத்திப் படித்தார். 1831 கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூலி கொடுக்காமல் வேலைக்குப் போகமாட்டோம் என்று ஒரு வேலை நிறுத்தத்தைத் திட்டமிட்டார். அது கலவரமாகி நசுக்கப்பட்டது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த எழுச்சியின் அதிர்ச்சி லண்டன் நாடாளுமன்றத்தை அவசரப்படுத்தியது என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அடிமை ஒழிப்பு என்றதும் அதற்காக நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பெயரைச் சொல்கிறோம், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைச் சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஷார்ப்பின் பெயர் பட்டியலில் கடைசியில் வருவதும் எருசலேம் விதவைகளுக்கு நேர்ந்ததைப் போன்றதுதான்.

இனி உங்கள் கமிட்டியின் மேஜையில் இருக்கும் அந்த மனுவுக்கு வருவோம்.

ஏழை நாடுகளின் கடன் எப்படி வந்தது? 1970-களில் எண்ணெய் விலை ஏறியதில், எண்ணெய் விற்ற நாடுகளின் பணம் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது. அதை அவை வளரும் நாடுகளுக்குத் தாராளமாகக் கடனாகத் தள்ளின. வட்டி மாறும் வட்டி. 70-களின் இறுதியில் அமெரிக்கா தன் பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றியது. அதே நேரத்தில் இந்த நாடுகள் விற்ற செம்பு, காப்பி, சர்க்கரை விலைகள் சரிந்தன. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது. பிறகு வரிசையாகப் பல நாடுகள். கடன் வாங்கியவர்களில் ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ) மொபுட்டு மாதிரிக் கொள்ளைக்காரச் சர்வாதிகாரிகளும் உண்டு. பணம் போனது அவர்களுடைய கணக்குக்கு, தவணை கட்டியது பள்ளிக்கூடமில்லாத பிள்ளைகள். கடன் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

மார்ட்டின் டென்ட் என்ற ஓய்வுபெற்ற பல்கலைக்கழக ஆசிரியரும் பில் பீட்டர்ஸ் என்ற ஓய்வுபெற்ற தூதரக அதிகாரியும் 1990-களில் லேவியராகமத்தைக் கையில் எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு யூபிலி ஆண்டாக இருக்கட்டும், கட்டமுடியாத கடன்களை ஒரே முறையாக அழித்துவிடுங்கள் என்பது கோரிக்கை. 'ஜூபிலி 2000' இயக்கம் அப்படி வந்தது. சபைகளின் வலைப்பின்னல் இல்லாமல் அது பரவியிருக்காது. ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே ஒரு கூட்டம் கூடும் கட்டடமும் அறிவிப்புப் பலகையும் ஞாயிறுதோறும் வருகிற ஆட்களும் இருந்தார்கள். 1998 மே 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஜி-8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடிய நகரைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். மனுவில் விழுந்த கையெழுத்துகள் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 2.4 கோடி. 1999-ல் ஜெர்மனியின் கொலோனில் நடந்த ஜி-8 மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவாக்கப்பட்டது. 2005-ல் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸ் ஜி-8 மாநாட்டில் இன்னொரு சுற்று. இரண்டும் சேர்ந்து 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் கடன் குறைந்தது. எந்தக் காணிக்கைப் பையிலும் இந்தத் தொகை விழாது. 'கையெழுத்தால் என்ன ஆகும்' என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

அந்தப் பணம் எங்கே போனது? மூன்றாமவர் கேட்பார், கேட்கவேண்டும். உகாண்டாவின் கதை இங்கே பொருந்தும். 1991 முதல் 1995 வரை அந்த அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய தலைவீத மானியத்தை (பிள்ளைக்கு இவ்வளவு என்று தரும் பணம்) ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிக்கு வந்து சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். மீதி வழியிலேயே கரைந்துவிட்டது. இந்த விஷயம் வெளியானதும் அரசு ஒரு சின்ன வேலை செய்தது: எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று மாதாமாதம் செய்தித்தாள்களில் போட்டது, பள்ளிகளும் வந்த தொகையை எழுதி ஒட்டவேண்டும் என்றது. தலைமையாசிரியரும் பெற்றோரும் பேப்பரைப் பார்த்துவிட்டு நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்கள். 2001 வாக்கில் வழியில் கரைவது 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 1997-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்த நாடு அது. 1998-ல் முதல் ஆளாகக் கடன் நிவாரணம் பெற்றபோது மிச்சமான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துப் பள்ளிக்கும் குடிநீருக்கும் சாலைக்கும் செலவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போனார்கள். வகுப்புகள் நெரிந்தன, தரம் அடிபட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாம்பியா இன்னொரு விதம். 2005, 2006-ல் அதன் வெளிக்கடன் சுமார் 700 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்கும் கீழே இறங்கியது. 2006 ஏப்ரலில் கிராமப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இதற்கு நடுவே ஒரு வழக்கு வந்தது. 1979-ல் ருமேனியாவிடம் டிராக்டர்கள் வாங்கியதற்கான பழைய கடன் ஒன்று பாக்கி இருந்தது. டோனகால் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி அந்தக் கடன் பத்திரத்தை சுமார் 33 லட்சம் டாலருக்கு ருமேனியாவிடமிருந்து வாங்கிக்கொண்டது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் ஜாம்பியாவிடம் கேட்ட தொகை 5.5 கோடி டாலர். 2007-ல் சுமார் 1.55 கோடி கொடுக்கும்படி ஆயிற்று. சபைகள் ஒரு பக்கம் கடனை அழிக்கச் சொல்லிப் போராட, அழிந்த கடனால் நாட்டின் கையில் சேர்ந்த பணத்தை இந்தக் கழுகு நிதிகள் வந்து கொத்தின. அதற்குப் பிறகுதான் இயக்கத்தார் சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். 2010-ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: நிவாரணத் திட்டத்துக்குள் வரும் பழைய கடன்களுக்கு, கடன் கொடுத்த மற்றவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் கேட்க முடியாது. ஒரு வரிச் சட்டத் திருத்தம் பத்து கிணறு வெட்டுவதைவிட அதிகம் செய்யக்கூடிய இடங்கள் உண்டு. மனு கொடுப்பது சபையின் வேலையா என்ற கேள்விக்கு இந்த வழக்கைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

ஜாம்பியா பிறகு பத்திரச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்கி, 2020 நவம்பரில் மறுபடியும் தவணை தவறியது. ஆகவே ஒருமுறை அழித்தால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருமுறை அழிப்பதாக இருந்தால் யூபிலி என்று ஒரு முறைமையே தேவைப்பட்டிருக்காது. திரும்பத் திரும்ப வரும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 யூபிலி ஆண்டை ஒட்டி அதே கோரிக்கையை மீண்டும் எழுப்பினார். அவருக்குப் பின் வந்தவர் லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு, தொழிலாளர் உரிமையைப் பற்றி 1891-ல் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவைக் காரணம் சொன்னார்.

அமைப்புகளைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. கத்தோலிக்கரின் காரித்தாஸ் கூட்டமைப்பு, ஜெர்மனியின் மிசெரியோர், ப்ரோட் ஃபியூர் டி வெல்ட், பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்டு, டியர்ஃபண்ட், அமெரிக்காவில் பிறந்த வேர்ல்ட் விஷன் எல்லாமே ஏறக்குறைய ஒரே காலத்துப் பயிர்: உலகப் போரின் அகதிகள், கொரியப் போரின் அனாதைகள், பிறகு விடுதலை பெற்ற நாடுகளின் வறுமை. அதற்கு முன்னால் இந்தப் பழக்கம் இல்லையென்று நினைக்காதீர்கள். கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமச் சக்கரவர்த்தி ஜூலியன் நான்காம் நூற்றாண்டில் தன் பூசாரிகளுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அல்லவா போஷிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். எதிரியிடமிருந்து வந்த சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

பலன் உண்டா என்பதற்கு நேரடியான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மாதாமாதம் பணம் அனுப்பி ஒரு பிள்ளையை ஆதரிக்கும் திட்டங்களை நானே கேலி செய்ததுண்டு. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கிற போட்டோ என்று. கம்பேஷன் அமைப்பின் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரை என் வாயை அடைத்தது. ஆதரவு பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருடத்துக்கும் மேலாக, சில கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம், கூடுதலாகப் படித்திருந்தார்கள். போட்டோ ஒட்டும் முறை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் பலன் பலன்தான்.

சபைகளால் மட்டும் செய்ய முடிகிற காரியம் எது என்று கேட்டால் 2014-ன் எபோலாவைச் சொல்வேன். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் சேர்த்து 11,000-க்கும் மேல் இறந்தார்கள். இறந்த உடலைக் கழுவி, தொட்டு வழியனுப்பும் சடங்கிலேயே நோய் பரவியது. முதலில் கவச உடை அணிந்த ஆட்கள் வந்து, உடலைப் பையில் போட்டு, ஜெபமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் கொண்டுபோனார்கள். குடும்பங்கள் பயந்துபோய் உடல்களை ஒளித்துவைத்தன, இரவில் புதைத்தன. பிறகு உலக சுகாதார அமைப்பு போதகர்களையும் இமாம்களையும் உட்கார வைத்துப் பேசி, 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்று முறையை மாற்றி எழுதியது. உறவினர் தூரத்தில் நின்று பார்க்கலாம், போதகர் ஜெபிப்பார், கல்லறையில் பெயர் இருக்கும். தொடாமல் வழியனுப்புவது பாவமில்லை என்று சுகாதார அதிகாரி சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. ஞாயிறுதோறும் கேட்டுப் பழகிய குரல் சொன்னபோது எடுபட்டது.

இருண்ட பக்கமும் அதே குரலால்தான். 1994-ல் ருவாண்டாவில் அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்கள் அங்கேயே ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நியமாட்டா, ந்தாராமா ஆலயங்கள் இன்று நினைவிடங்கள். குருக்களில் சிலருக்கே அதில் பங்கு இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு வேத ஆதாரம் தேடிக்கொடுத்தது ஒரு திருச்சபை. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு அந்தப் போதனையைத் 'துர்உபதேசம்' என்று அறிவித்து, அதைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தது. அரசியல் தீர்மானம் என்று வைத்துக்கொண்டாலும் சரி, விசுவாசத் தீர்மானம் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

மதமாற்றத்துக்குத்தான் உதவி என்ற குற்றச்சாட்டுக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவேண்டும். அப்படி நடந்ததுண்டு. சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் கேட்கவைத்த இடங்கள் உண்டு. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் பேரிடர் உதவிக்கான நடத்தை விதிகளை வகுத்தன. தேவை ஒன்றே அளவுகோல், மதக் கருத்தைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக்கூடாது என்பவை அதில் உள்ளவை. காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் மூன்றும் அந்த விதிகளை முன்மொழிந்தவர்களில் அடக்கம். நீங்கள் பணம் அனுப்பப்போகும் அமைப்பு அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அரசாங்கப் பணத்தை நம்பி எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதும் கேட்கவேண்டியதே. 2025-ல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி முகமையை மூடியபோது, அதிலிருந்து பெரும்பங்கு பெற்றுவந்த சபை அமைப்புகள் நடுவழியில் மருந்துக் கிடங்கையும் பள்ளி உணவையும் நிறுத்தவேண்டி வந்தது.

என் மேஜையில் நடந்த ஒன்று. கைப்பம்புத் திட்டம் ஒன்றின் அறிக்கை வந்தது. 'நிறுவிய பம்புகள்', 'பயனாளிகள்' என்று கட்டங்கள், எல்லாம் நிரம்பியிருந்தன. இரண்டு வருடம் கழித்து அங்கே போன சக ஊழியர் எடுத்துவந்த படங்களில் பாதிப் பம்புகள் துருவேறி நின்றன. ஒரு தோல் வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்ற ஆளில்லை. 'இன்னும் ஓடுகிறதா' என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டமே கிடையாது. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது. ஒரே ஒரு குடியிருப்பில் மட்டும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பெண்கள் கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். வாரம் யார் எவ்வளவு போட்டார்கள், வாஷர் எந்தத் தேதியில் மாற்றியது, கையிருப்பு எவ்வளவு என்று பென்சிலில் எழுதியிருந்தது. நோட்டை வைத்திருந்தவருக்குக் கையெழுத்தே சரியாக வராது. கோடுகளாகப் போட்டு எண்ணியிருந்தார். அடுத்த வருடத்திலிருந்து எங்களுக்கு வரும் அறிக்கையோடு அந்த மாதிரி நோட்டின் ஒரு பக்கப் படமும் வரவேண்டும் என்று விதி வைத்தோம்.

சபையின் சொந்த முதலீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டட நிதி, ஓய்வூதிய நிதி என்று பெரும்பாலான திருச்சபைகளிடம் வங்கியிலோ பங்குச் சந்தையிலோ பணம் இருக்கிறது. அந்தப் பணம் தினமும் எங்கோ ஏதோ செய்துகொண்டிருக்கிறது. நாம் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சிறப்புக் காணிக்கையைப் பற்றித்தான் விவாதிக்கிறோம். 1971-ல் அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை, தான் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆண்டுக் கூட்டத்தில், தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறும்படி தீர்மானம் கொண்டுவந்தது. தோற்றது. ஆனால் பங்குதாரராக இருந்து கேள்வி கேட்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. 2017-ல் இங்கிலாந்துத் திருச்சபையும் நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதியும் சேர்ந்து, எக்ஸான்மொபில் கம்பெனி பருவநிலை மாற்றத்தால் வரும் வணிக ஆபத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கொண்டுவந்த தீர்மானத்துக்கு 62 சதவீத வாக்கு விழுந்தது.

உங்கள் கமிட்டிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பவுல் எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தபோது என்ன செய்தார் என்று இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். கொடுக்கிறவர்களுக்கு வருத்தம் உண்டாக்க அல்ல, 'சமநிலையிருக்கும்படியாகவே' கேட்கிறேன் என்கிறார். இரக்கம் காட்டச் சொல்லவில்லை, சமநிலை என்கிறார். அதே மூச்சில் பணத்தை எடுத்துப்போக தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்புகிறார். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது பவுல் இல்லை, சபைகள். இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க நாடுகிறோம் என்று காரணமும் எழுதுகிறார். முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பணம் அனுப்புவதானால் அந்த அமைப்பின் தணிக்கை அறிக்கையை வாங்கிப் பாருங்கள். அதில் பெறுகிறவர்களின் புகாரைக் கேட்க ஏற்பாடு உண்டா, எத்தனை புகார் வந்தது என்று பாருங்கள். ஒன்றுகூட வரவில்லை என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மனுவின் வாசகத்தைக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ அதில் இருந்தால் தள்ளுங்கள். சபையாகப் போட மனமில்லையென்றால், விரும்புகிறவர்கள் தனித்தனியாகப் போடட்டும். மூன்றாமவரைக் கணக்குப் பார்க்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுகிறவர் ஒருவர் அங்கே இருப்பது நல்லது.